நேசையன் பாடினால் உண்ணி விழும்

நான் பாடினால் உண்ணி விழும். தற்பெருமை இல்லை. ஆய்வகத்தில் அச்சடித்து, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்த அறிக்கை வீட்டில் இருக்கிறது. என் பாட்டைப் பற்றி இந்த உலகத்தில் எழுத்தில் வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்பதால், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

உண்ணி என்றால் நாய் மேல் ஏறுகிற உண்ணி இல்லை. தேனீ மேல் ஏறுகிறது. கடுகில் பாதி இருக்கும், செம்பழுப்பு நிறம். புழு வளர்கிற அறைக்குள் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்து, புழுவின் சத்தையெல்லாம் உறிஞ்சும். அப்புறம் வெளியே வருகிற ஈக்குச் சிறகு சுருண்டிருக்கும். பறக்காது, நாலு நாள் பெட்டி வாசலில் ஊர்ந்துவிட்டுச் செத்துப்போகும்.

மார்த்தாண்டத்துக்கு வடக்கே ரப்பர் தோட்டங்களுக்குள் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறவர்கள் நாங்கள். உண்ணிக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. மருந்துப் பட்டை தொங்கவிட்டோம். அமிலப் புகை போட்டோம். சர்க்கரையை மாவாக்கித் தூவினோம். முதல் வருஷம் உண்ணி செத்தது. இரண்டாம் வருஷம் மயங்கி எழுந்தது. மூன்றாம் வருஷம் மருந்து வைக்க வந்த எங்களுக்குத்தான் மூச்சு முட்டியது, உண்ணி சவுக்கியமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் ஊரில் பாதிப் பெட்டி காலி.

இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குப் பாட ஆசை உண்டு. சுருதிதான் கிடையாது. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, ஆராதனையில் நான் வாயைத் திறந்தேன். அங்கே பாட்டுக்குழுவை நடத்திக்கொண்டிருந்தவள் என் புது மனைவி புஷ்பலீலா. பள்ளிக்கூடத்தில் டீச்சர், சபையில் பாட்டுக்கு அவள்தான் எல்லாம். திரும்பி என்னைப் பார்த்தாள். குடிதண்ணீர்க் குடத்தில் தவளையைக் கண்டவள் பார்க்கிற பார்வை. வீட்டுக்கு வந்ததும் மரியாதையாகத்தான் சொன்னாள்: "இனி வாயை மட்டும் அசைங்க, என்னா?"

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம் பாட்டுக்குழுவின் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்திருக்கிறேன். என்னைவிட நன்றாக வாயசைக்கிற ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வீட்டுக்குள்ளும் தடைதான். மிச்சமிருந்தது தேன்பெட்டிகள். காலையில் பெட்டி பார்க்கப் போகும்போது அங்கே நின்று ஆசைதீரப் பாடுவேன். ஈக்கள் கொட்டவில்லை. அதையே கைதட்டலாக எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் சஃபியா மேலப்பாளையத்துக்காரி. உண்ணி ஆராய்ச்சிக்கு வந்து, ஊரில் ஆறு பேருடைய பெட்டிகளில் மைக் வைத்திருந்தாள். ஈயின் ரீங்காரத்தைக் கேட்டே பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பாளாம். ஒருநாள் மத்தியானம், அடிப்பலகையில் விரிக்கிற பசைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தாள் முழுக்க உண்ணி.

"அண்ணாச்சி, உங்க பெட்டியில மட்டும் கொத்துக்கொத்தா விழுது. என்ன மருந்து போடுறீங்க?"

"ஒண்ணும் போடல்லியே."

"காலையில ஆறரைக்கு ஒரு சத்தம் வருது. மொதல்ல மைக் ரிப்பேர்னு நெனச்சோம். அப்புறம், ஏதோ ஆடு வேலியில மாட்டிக்கிச்சுன்னு நெனச்சோம். ஆனா தெனமும் அதே நேரத்துக்கா ஆடு மாட்டும்?"

உள்ளேயிருந்து லீலா குரல் கொடுத்தாள். "அது ஆடில்ல பிள்ளே. எனக்க வீட்டுக்காரராக்கும்."

சஃபியா சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவ்வளவு மரியாதையோடு என்னை யாரும் பார்த்ததில்லை.

"உண்ணியோட பாதத்துல ஒரு மெத்தை இருக்கு அண்ணாச்சி, அதை வச்சுத்தான் ஈயைப் பிடிச்சுத் தொங்குது. சில சத்தத்துக்கு அந்தப் பிடி வழுக்கிரும். அது எங்களுக்கும் தெரியும். ஆனா ஒரே சத்தத்தைப் போட்டா, அதுக்கு வழுக்காத உண்ணி தப்பிச்சுக் குஞ்சு பொரிக்கும். ரெண்டு மாசத்துல பெட்டி முழுக்க அதோட பிள்ளைங்கதான். மருந்து தோத்ததும் இப்படித்தான்."

"அப்ப எனக்க பாட்டு?"

"நீங்க ஒரு வரியை ஒருதடவை தப்பா பாடின மாதிரி மறுதடவை தப்பா பாடுறதே இல்ல. நாலு மாசத்து ரெக்கார்டைப் பாத்துட்டேன். ஒரு தப்புகூடத் திரும்ப வரல. உண்ணி எதுக்குன்னு பழகும்?"

"முப்பத்தொரு வருஷமா நானும் இதத்தானே சொல்லுதேன்" என்றாள் லீலா. ஆனாலும் வந்தவளுக்கு இரண்டு பழம் கூடுதலாக வைத்தாள்.

கம்ப்யூட்டரிலேயே தாறுமாறாகச் சத்தம் உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். உண்ணி விழுந்தது, ஈயும் பெட்டியைக் காலிசெய்துகொண்டு ஓடிவிட்டது. என் பாட்டுக்கு மட்டும் ஈ ஓடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க குரல் அதோட ரீங்காரத்துக்குப் பக்கத்துல இருக்கு. ஏதோ சொந்தக்காரங்கன்னு நெனச்சுப் பொறுத்துக்குது போல" என்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஒலிபெருக்கி வந்தது. காலை ஆறரைக்கு என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் பாடினால், மூன்று பஞ்சாயத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பெட்டிக்குள் அதே நேரத்தில் கேட்கும். வெளியேயும் லேசாகக் கேட்கும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஆனால் ஒரே சீசனில் ஈக்கள் பெருகின. நாற்பது பெட்டியில் பாதியை இழந்திருந்த கனகபாய் அக்கா ஓர் ஏத்தன் வாழைக்குலையைச் சுமந்து வந்து வாசலில் இறக்கினாள்.

"லேய் நேசையா, உனக்க சத்தத்தைக் காதுகொண்டு கேக்க முடியல்ல. ஆனா நிறுத்திராத, கேட்டியா?"

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. இரண்டு நாள் தலை கனத்துத் திரிந்தேன்.

சஃபியா ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டாள். நான் பாட்டுப் பயிற்சி எடுக்கக் கூடாது. நல்ல பாட்டு கேட்பதைக்கூடக் குறைக்க வேண்டும். திருந்திவிட்டால் போச்சு. திருந்தாமல் இருப்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த மழைக்காலத்தில் லீலாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் போனது. பேசுவாள், பாட வராது. கரகரவென்று ஒரு நூல்போல வரும், பாதியில் அறுந்துவிடும். பாட்டுக்குழுவை ஆர்மோனியத்தை வைத்தும் கையசைத்தும் நடத்திக்கொண்டிருந்தாள். விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகையோடு விலகுவது என்று முடிவாயிற்று. அடுத்து செல்வின் ஞானதாஸ் பொறுப்பெடுப்பான். நன்றாகப் பாடுவான். அதுவே எனக்கு அவனிடம் பிடிக்காத விஷயம்.

எனக்கும் ஒருநாள் தொண்டை போனால் ஆயிரத்துச் சொச்சம் பெட்டி என்னாவது? அதனால் என் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிடலாம் என்று சஃபியா முயற்சி செய்தாள். நாலு மாதத் தவறுகளையும் அதற்கு ஊட்டினாள். ஒருநாள் முகம் செத்துப்போய் வந்தாள்.

"தோத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க நூறு தடவை பாடினா, அம்பது தடவை மேல போறீங்க, அம்பது தடவை கீழ போறீங்க. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் கூட்டி நடுவுல ஒண்ணைப் பிடிக்குது. அது..." என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

என் குரல். சந்தேகமே இல்லை, அந்த மூக்கடைப்புகூட என்னுடையதுதான். ஆனால் சுருதி விலகாமல், அறுப்பின் பண்டிகைப் பாட்டின் முதல் வரி, வழித்து எடுத்த தேன்போல வந்தது. என் வாய் தானாக அசைந்தது. சஃபியா அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க இதைக் கேக்கக் கூடாது! வெளிய போங்க, வெளிய!"

என் வீட்டிலிருந்து என்னை விரட்டி, என் பாட்டை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நான் பலா மரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது லீலா மட்டும்தான். அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "இதை எனக்க போனுல ஏத்தித் தா பிள்ளே" என்று அவள் கேட்டது வெளியே கேட்டது.

மூன்று நாள் அவள் அந்தப் போனும் கையுமாகத் திரிந்தாள். நாலாம் நாள் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அது உங்களுக்க குரலுதானே?"

"அப்படித்தான் சொல்லுதாவ."

"அப்ப அது உங்களுக்குள்ள இருந்திருக்கு. ஊருல உள்ள சின்னதையும் பெரிசையும் எல்லாம் பாட வச்சேன். உங்களை மட்டும் வாயை மூட வச்சேன். நான் செஞ்சது தப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பண்டிகைக்கு ஒரே ஒரு சரணம். நீங்க தனியா பாடணும். நான் ஆர்மோனியப் பொட்டி வாசிப்பேன். எனக்கு அது போரும்."

ஆயிரத்து நூற்று நாற்பது பெட்டி இருக்கிறது, கனகபாய் அக்கா இருக்கிறாள், சஃபியாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எத்தனை கட்டையில?"

ஒன்றரைக் கட்டை என்று முடிவாயிற்று. என் தொண்டை தாங்கும் உயரம் அதுதான். தினம் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு பழகினோம். லீலா ஆர்மோனியத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விரலால் மேலே, கீழே என்று காட்டுவாள். நான் கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி துழாவுவேன். முதல் மூன்று வாரம் இரண்டு பேருக்கும் தலைவலி. ஐந்தாம் வாரம் ஒருநாள் முதல் வரி போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. எனக்கே தெரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. லீலா வாசிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வெட்கம் கெட்டு அழுதேன்.

அந்தச் சுருதி காலைப் பாட்டிலும் ஒட்டிக்கொண்டது. பசைத்தாளில் உண்ணி குறைய ஆரம்பித்தது. ஒரு பெட்டிக்கு இருநூறு விழுந்த இடத்தில் தொண்ணூறு. அப்புறம் இருபத்திரண்டு. சஃபியா போன் செய்து கேட்டாள். தொண்டை கட்டு என்றேன். பனங்கற்கண்டு போடச் சொன்னாள். போட்டேன். பொய்க்கும் பனங்கற்கண்டுக்கும் சேர்த்துக் குரல் இன்னும் இனிமையானது.

பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை கனகபாய் அக்கா முறத்தோடு வந்தாள். முறத்தில் ஒரு தேனடை, அதைச் சுற்றி ஈக்கள். சில ஊர்ந்தன. எல்லாவற்றுக்கும் சிறகு சுருண்டிருந்தது. முறத்தை மேஜைமேல், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு பெட்டி போச்சு தம்பி. நாலாவதும் போவப்போவுது. உள்ளதைச் சொல்லு, நீ என்னமும் மாத்தினியா?"

"இல்லக்கா, தொண்டை..."

"தொண்டையாவது மண்ணாவது! முந்தாநேத்து காலம்பற பெட்டிக்கிட்ட நிக்குதேன், உனக்க பாட்டு கேக்குது. நல்லா இருக்கு லேய்! கேக்கக் கேக்க நல்லா இருக்கு! எனக்குக் குலை நடுங்கிப்போச்சு."

நான் லீலாவைப் பார்த்தேன். லீலா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ந்து விளிம்புக்கு வந்த ஓர் ஈயை விரலில் ஏற்றி, திரும்ப அடைமேல் விட்டாள்.

அக்கா போனதும் லீலாவே சஃபியாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். சஃபியா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், இப்ப அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருக்கு. விட்டா மறந்துரும். ஆனா ஒரே ஒரு தடவை, முழுசா, தப்பில்லாம, நாலு பேர் முன்னால சந்தோசமா பாடிட்டாருன்னு வைங்க, அப்புறம் மூளை அதை விடாது. சைக்கிள் பழகின மாதிரிதான்."

"சரி பிள்ளே" என்று வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஞாயிறு பாடுதீங்களா?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மனசாட்சி அதைத்தான் சொன்னது. ஆனால் மனசாட்சிக்குப் பின்வரிசையில் இன்னொருவன் முப்பத்தொரு வருஷமாக வாயசைத்துக்கொண்டு நிற்கிறானே. செல்வின் ஞானதாஸ் வாயைப் பிளப்பதை ஒருதடவை பார்த்துவிட்டுச் சாகலாம் என்று அவனுக்கு ஆசை. ஆகவே, "நீ சொல்லுததுதான்" என்றேன். முடிவை அவள் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவனாக நின்றுகொண்டேன். கல்யாணமான ஆண்களுக்கு இது கைவந்த கலை.

"அப்ப வெள்ளைச் சட்டையைத் தேச்சு வைக்கேன்" என்றாள் லீலா.

ஞாயிறு சபை நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் காணிக்கை குவிந்து கிடந்தது: மரச்சீனிக் கிழங்கு, பலா, கால் கட்டிய சேவல், தேன் குப்பிகள். இன்றோடு லீலா டீச்சர் விலகுகிறார், அவருடைய ஆசைக்காக அவர் கணவர் ஒரு சரணம் பாடுவார் என்று போதகர் அறிவித்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கடைசி வரிசையிலிருந்து நான் முன்னால் நடந்தேன். செல்வின் ஞானதாஸ் ஆறுதலாக என் முதுகில் தட்டினான். இரு மக்கா, இப்போது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

லீலா துருத்தியை அசைத்தாள். சுருதி வந்தது. நான் வாயைத் திறந்தேன், குரலை எடுத்தேன். சுருதி எங்கேயோ மேலே நின்றது. எனக்கு ஒன்றரைதான் பழக்கம், அவள் பிடித்திருந்தது நாலுகட்டை. ஏணி இல்லாமல் தென்னையில் ஏறுகிற மாதிரி எட்டிப் பிடித்தேன். கீச்சென்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் வரிக்கு லீலா இரண்டுக்கு இறங்கினாள். நான் இறங்குவதற்குள் ஐந்துக்குப் போனாள். பஸ்ஸைத் துரத்துகிறவனாக அவள் பின்னாலேயே ஓடினேன். போதகர் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார். சேவல்கூடக் கொக்கரித்தது.

நான் லீலாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. கட்டையைப் பார்க்காமலே விரல்கள் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டும் சுருதி தப்பாதவள், தன் கடைசி ஆராதனையில், ஊரே பார்க்க, வரிக்கு வரி வேண்டுமென்றே தப்பாகப் பிடித்துக் கொடுக்கிறாள். நான் எடுக்க வேண்டிய முடிவை, எடுக்கத் துப்பில்லாத என் முடிவை, அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப்பின் நான் துரத்துவதை நிறுத்தினேன். வாய்க்கு வந்தபடி, தொண்டை கிழிய, என் வாழ்க்கையிலேயே மிக மோசமாகப் பாடி முடித்தேன்.

ஆராதனை முடிந்து செல்வின் லீலாவுக்குப் பொன்னாடை போர்த்தினான். பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

"பாவம் டீச்சரு. ஆபரேஷனோட காதும் போச்சு போல."

லீலா திரும்பிச் சிரித்தாள். "ஆமாம்மா, முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

கூட்டத்தில் சிரிக்காதவள் கனகபாய் அக்கா ஒருத்திதான். வந்து லீலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "கட்டை மாறிப்போச்சோ?"

"எனக்கா மாறும்?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் நான் பாடினேன். கனகபாய் அக்கா பெட்டியில் அறுபது விழுந்தது. அந்த வாரக் கடைசியில் இருநூற்றுப் பதினேழு. இப்போது தினமும் ஆறரைக்கு லீலா எதிரே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தப்பான கட்டையைப் பிடித்துக் கொடுக்கிறாள். இவ்வளவு வகையாகத் தப்புச்செய்ய எவ்வளவு ஞானம் வேண்டும் என்று சஃபியாவே வியந்துபோனாள். ஊருக்கு அது தெரியாது. ஊரில் அவளுக்குக் காது போய்விட்டது என்றுதான் பேச்சு. நான் இரண்டு தடவை சொல்லப்போனேன். "சும்மா இருங்க, டீச்சரே வேணும்னு தப்பா வாசிச்சது தெரிஞ்சா செல்வின் கிட்ட படிக்க வாற பிள்ளைகளுக்குக் குழப்பமாயிரும்" என்று தடுத்துவிட்டாள்.

போன வாரம் ஒரு மத்தியானம், வீட்டில் மறந்துவைத்த தொப்பியை எடுக்கப் பெட்டிகளிடமிருந்து திரும்பி வந்தேன். லீலா முன்னறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன். விரல்கள் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, ஒரு அடி பிசகாமல். கன்னத்தில் ஈரம். எவன் பாடுகிறான் என்று எனக்குத் தெரியும், சஃபியா அன்றைக்குப் போனில் ஏற்றிக் கொடுத்தவன். அவன்மேல் பொறாமையாக இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போட?

என் நிழல் பட்டதும் கண்ணைத் திறந்தாள். பதறி, காதிலிருந்து எடுத்துப் பொத்திக்கொண்டாள். "இஞ்ச நிக்காதீங்க, நீங்க கேக்கக் கூடாது."

"கேக்கல்ல. எப்படி இருக்கு, அதை மட்டும் சொல்லு."

அவள் இயர்போனைச் சுருட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா பாடுதீங்க" என்றாள்.